சுவர் நிறத்துக் கதவு

மூன்றாவது மாடியிலிருந்த அந்த வீட்டுக்குள் நர்ஸ் நுழைந்தபோது மதியம் இரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ரொம்ப நாள் திறக்காத அலமாரியின் குளிர்ச்சி; கூடவே வலித் தைல வாசனை.

வீட்டுக்காரரின் மகன் தோளில் பையோடு தயாராக நின்றான். ஒரு வாரத்துக்கும் மேலான தாடி. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தான். அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது ஞாபகம் தப்பிவிட்டது. நாலு மணியானால் டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். மூன்று தடவை காணாமல் போய், கடைசித் தடவை இரண்டு நாள் கழித்துப் பாலத்தடியில் கிடைத்தார். அதற்குப் பிறகுதான் வாசற்கதவுக்கும் சுவரின் அதே வெளிர்மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். கைப்பிடி கிடையாது, ஒரு சாவித்துளை மட்டும்.

"கதவுன்னு தெரிஞ்சாத்தானே சிஸ்டர் வெளிய போவாரு?"

"இதுவரைக்கும் யார் சார் பாத்துக்கிட்டாங்க?"

"அம்மா. முட்டிக்குத் தைலம் தடவிக்கிட்டு, கதவுகிட்ட முக்காலி போட்டு உக்காந்தே இருப்பாங்க. போன மாசம் அதுலயே உயிர் போயிடுச்சு."

சாவியை அவள் கையில் திணித்துவிட்டு, படிகளில் ஓடியே இறங்கினான்.

பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "என்ன கண்டக்டர், டிக்கெட் எல்லாம் போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க ஐயா. சில்லறைதான் பத்தல."

சிரித்துக்கொண்டே கண்ணயர்ந்தார். பரவாயில்லை, தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு மாத்திரை அட்டையை எடுத்தாள். காலி. மருந்துக்கடை கீழேதான் இருந்தது. தனியாக விட்டுப் போகக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தூங்குகிறார், ஐந்து நிமிஷ வேலை, வெளியே பூட்டிக்கொண்டால் ஆயிற்று. சாவியோடு கூடத்துக்கு வந்தாள்.

கதவைக் காணோம்.

பெயிண்ட்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று சுவரைத் தடவினாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தடவினாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். விளிம்பில்லை, சாவித்துளையில்லை, விரல் பட்ட இடமெல்லாம் சில்லென்ற சுண்ணாம்பு. கையிலிருந்த சாவிக்கு நுழைய ஓர் இடமில்லை.

ஜன்னலில் கம்பி. கீழே தெருவில் ஆட்கள் அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் முக்காலி இழுபடும் சத்தம்.

திரும்பினாள். கூடம் வெறுமையாக இருந்தது.

தைல வாசனை மட்டும் நெருங்கி வந்தது.

அறையிலிருந்து பெரியவர் கிசுகிசுத்தார். "அவ இறங்க விட மாட்டா கண்டக்டர். உக்காருங்க."

மகனுக்குப் போன் போட்டாள். அவள் கேட்கும் முன்பே அவன் சொன்னான்.

"ஒம்பது நாளா நான் உள்ள கிடந்தேன் சிஸ்டர். நீங்க வெளியிலேர்ந்து பெல் அடிச்சப்பத்தான் கதவு கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஒரு ஆளு உள்ள வந்தாத்தான் இன்னொரு ஆளை அம்மா விடுவாங்க."

"அப்ப நீங்க வாங்க சார். வந்து என்னை விடுங்க."

"எனக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு."

"எனக்கும் இருக்கு," என்றாள். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. வேறு யாரைக் கூப்பிடலாம்? விரல் அக்காவின் நம்பரில் போய் நின்றது. என்ன ஏது என்று கேட்காமல் ஓடி வந்துவிடுவாள் அக்கா. வந்து பெல் அடிப்பாள். கதவு தெரியும். இவள் வெளியே போவாள்; அக்கா உள்ளே நிற்பாள்.

அந்த நம்பரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு போனை அணைத்து மடியில் வைத்து, பெரியவரின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். அவர் நகர்ந்து, தன் தலையணையைக் கீழே அவளிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

சமையலறையில் கரண்டி சுற்றும் ஓசை கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. தொட்டால்கூடச் சூடில்லை.

மேடைமேல் ஆவி பறக்க மூன்று டம்ளர் டீ இருந்தது.

அவற்றில் ஒன்று பாதி குடிக்கப்பட்டிருந்தது.