வாசம் இல்லாதவர்கள்

மிளகு மூன்றாவது முறையாகத் தலையணையை மோந்துவிட்டு பேச்சியம்மாவின் முகத்தைப் பார்த்தது. ஏழு வயதுப் பெண் ஒரு வாரமாகத் தலைவைத்துப் படுத்த தலையணை. அதில் மனித வாடையே இல்லை. நாய் என்ன செய்யும், பாவம்!

"சட்டை, செருப்பு, சீப்பு, எல்லாம் காட்டியாச்சு சார். ஒண்ணுலயும் உங்க புள்ள இல்ல" என்றாள் பேச்சியம்மா. காட்டில் காணாமல் போனவர்களை இருபது வருடமாகத் தேடித் தருகிற மீட்புப் படைக்காரி அவள். மிளகு அவளுடைய ஆறாவது மோப்ப நாய்.

எதிரே டாக்டர் நிரஞ்சன் தலையில் கைவைத்து நின்றார். காணாமல் போன இதழினி அவருடைய மகள். காலை பத்து மணிக்குக் கூடாரத்துக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தாள். இப்போது மணி மூன்றரை. அவள் கையில் கட்டியிருந்த இடங்காட்டி ஓடைக்கரையில் கழன்று கிடந்தது. மூன்று பறக்கும் தேடுகருவிகள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. மேகமும் மரக்கிளையும் மூடிய பள்ளத்தில் அவற்றுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. யானை நடமாடும் இடம் அது. இருட்ட இன்னும் இரண்டரை மணி நேரம்தான் இருந்தது.

இவ்வளவுக்கும் காரணமே நிரஞ்சன்தான். 'வாசமறை' அவருடைய கண்டுபிடிப்பு. உடம்பில் ஒருமுறை தெளித்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தோலில் குடியேறி, வியர்வை வாடையை அது எழும்பும் முன்பே தின்று தீர்த்துவிடும். மூச்சுக்காற்றைப் பிடித்துக்கொண்டு கொசு பக்கத்தில் வரும். மனித மணம் இருக்காது. ஏதோ மரக்கட்டை என்று திரும்பிப் போய்விடும். உண்ணியும் அப்படித்தான், அட்டையும் அப்படித்தான். கொசுவலை வேண்டாம், புகை வேண்டாம், ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டாம். ஊரே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறியது. மோப்ப நாய்களை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பேச்சியம்மா நினைத்துப் பார்த்தாள், மேலிடத்துக்கு எழுதியும் கொடுத்தாள். நாய்களின் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

"தேச்சுக் குளிச்சாலும் போவாதா சார் இந்தக் கருமம்?"

"மூணு மாசத்துக்குப் போகாது. அதுதான் அதோட சிறப்பே..." என்று ஆரம்பித்த நிரஞ்சன், அவள் முறைத்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நல்லா வாயில வருது. வேணாம், விடுங்க."

அப்போது பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இன்னும் டீ வரலையே? குழந்தையைத் தேடற பரபரப்புல மத்தியானமும் பிஸ்கட்டோட போச்சு. டீயாவது போடச் சொல்லுங்களேன்."

பேச்சியம்மா விருட்டென்று திரும்பினாள். "டீ யாரு போடுவா?"

"சமையல்காரர் தவசி" என்றார் நிரஞ்சன்.

"அவரு எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. காலைப் பலகாரத்துக்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. காணாமல் போனது இரண்டு பேர். ஐந்தரை மணி நேரமாகத் தேடியது ஒருவரைத்தான். அடப்பாவிகளா!

"அவருக்கும் வாசமறை அடிச்சிருக்கீங்களா?"

நிரஞ்சன் தரையைப் பார்த்தார். "இல்ல. விருந்தினருக்கு மட்டும்தான். சமையல்கட்டுல ஒரு ஆள் வாசத்தோட இருந்தா கொசுவெல்லாம் அங்கயே போயிடும், கூடாரத்துப் பக்கம் வந்து ரீங்காரம்கூடப் போடாதுன்னு... நான்தான் யோசனை சொன்னேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதற்கு நேரமில்லை. சமையல்கட்டுக்கு ஓடினாள். கொடியில் தவசியின் துண்டு தொங்கியது. வியர்வையும் வெங்காயமும் கலந்த நாற்றம். அதை நீட்டியதுதான் தாமதம், மிளகு வாலை விறைத்து, கயிற்றை அறுக்கிற வேகத்தில் இழுத்தது.

ஓடையைத் தாண்டி, மூங்கில் புதர்களுக்குள் புகுந்து, முக்கால் மணி நேரம். ஒரு பாறை இடுக்குக்கு மேலே நின்று மிளகு குரைத்தது. கீழே தவசி கணுக்கால் வீங்கிச் சாய்ந்து கிடந்தார். அவர் மடியில் இதழினி. அவள் மேல் ஒரு கடிகூட இல்லை. தவசியின் முகமோ அடையாளமே தெரியாமல் தடித்திருந்தது. இமைகள் வீங்கி மூடியிருந்தன, கால்களில் அட்டைகள். இதழினி ஒரு தழையை வைத்துக்கொண்டு அவருக்குக் கொசு ஓட்டிக்கொண்டிருந்தாள். "நிறைய வருது, என்னால முடியல" என்று அழுதாள்.

"பாப்பா பட்டாம்பூச்சி பின்னாடி போயிருச்சு. கூப்பிட்டேன், நிக்கல. ஓடிப் புடிச்சிட்டேன். திரும்புறப்ப ரெண்டு பேரும் வழுக்கி உள்ள விழுந்துட்டோம்" என்றார் தவசி. "தொண்டை வத்துற வரைக்கும் கத்துனேம்மா."

பின்னாலேயே ஓடி வந்த படைக்காரர்கள் கயிறு கட்டி இருவரையும் மேலே ஏற்றி முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். நிரஞ்சன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு தவசியின் கையைப் பிடித்தார். "என்ன வேணும்னாலும் கேளுங்க தவசி. என் உயிரையே கேட்டாலும் தர்றேன்."

"உசுரு எதுக்குங்க சார்? அந்த வாசமறையை எனக்கும் ஒருவாட்டி அடிச்சு விடுங்க. ஆறு மாசமா கண்ணு மூடல. பிச்சுப் புடுங்குது."

நிரஞ்சனின் கை தோள்பைக்குள் போனது, அங்கேயே நின்றது. "அது மட்டும் வேண்டாம் தவசி. இன்னிக்கு நீங்களும் எங்களை மாதிரி இருந்திருந்தா என் பொண்ணு... ஒவ்வொரு முகாமுக்கும் உங்களை மாதிரி ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். நான் மேல பேசறேன், தனிப் பதவியாவே போடச் சொல்றேன்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் இருந்த கணக்கு பேச்சியம்மாவுக்கும் புரிந்தது. தவசிக்கும் வாடை போய்விட்டால் நாளை இன்னொரு குழந்தையை மிளகால் கண்டுபிடிக்க முடியாது. அது புரிந்ததுதான் அவளுக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

"உயிரைத் தருவாராம், டப்பாவைத் தர மாட்டாராம்! கடி வாங்குறதுக்குன்னே ஒரு பொறப்பு வேணுமா உங்களுக்கு?" என்று பையைப் பிடுங்கி டப்பாவை எடுத்தாள். "கண்ண மூடிக்கங்கண்ணே." தவசியின் தலை முதல் கால் வரை தெளித்தாள். யாரும் தடுக்கத் துணியவில்லை.

பத்து நிமிடம் கழித்து, அதுவரை தவசியின் காலடியில் கிடந்த மிளகு எழுந்து அவர் கையை மோந்தது, விலகிப் போனது.

பேச்சியம்மா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். "அவ்வளவுதான். இனிமே இந்தக் கூட்டத்துல யாரு தொலைஞ்சாலும் என்னைக் கூப்பிடாதீங்க. என் நாய்க்கு உங்கள்ல ஒருத்தரும் கிடையாது."

பிறகு ஒருவர் கூடாரத்தின் முளையைப் பிடுங்கினார். அரை மணி நேரத்தில் முகாமே காலி. தவசியை மருத்துவமனைக்கு முதல் வண்டியில் ஏற்றினார்கள். பார்க்க வந்த காட்டை ஏறெடுத்தும் பார்க்காமல், பிள்ளைகளின் மணிக்கட்டைத் துணியால் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டு, மற்றவர்கள் வண்டிகளை நோக்கி ஓடினார்கள். ஒரு கொசுகூட அவர்களைக் கடிக்கவில்லை.