எட்டுப் பெரிய டிரம், ஒரு சின்ன டிரம்

"என் புருஷன் என் தம்பியைக் கொன்னுட்டாரா இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கம்மா. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

வந்தவள் உட்காரக்கூட இல்லை. அவள் செருப்பு வாசலில் ஒன்றும் படியில் ஒன்றுமாகக் கிடந்தது. துப்பறியும் அம்மாள் எழுந்து வந்து, தோளைப் பிடித்து அவளை உட்கார வைத்தாள்.

"பெயிண்ட் ஃபேக்டரியில அறுந்து விழுந்த சரக்கு லிஃப்ட்தானே?" என்றான் அம்மாளின் கொழுந்தன். எதற்கும் முந்திக்கொள்வதால் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"ஆமா. உள்ளே நின்னு ஓட்டினது என் வீட்டுக்காரர். கூடவே சரக்கோட போனது என் தம்பி. அவன் போயிட்டான். இவர் இடுப்பொடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கார். ஆள் எடை போக ஐநூறு கிலோ தாங்குற லிஃப்ட்ல ஐநூத்திப் பதினஞ்சு ஏத்திட்டேன்னு சூப்பர்வைசர் கட்டில் பக்கத்துலயே நின்னு கணக்குப் போட்டுக் காட்டினார். அதுலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. 'நான்தான் கொன்னேன்'னு சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டார். எங்கம்மா ஆஸ்பத்திரி வராந்தா வரைக்கும் வர்றா, உள்ளே வரமாட்டேங்கறா. எனக்கும்... எனக்கும் அவர் பக்கத்துல உட்கார முடியலம்மா."

"டிரம் எடை என்னன்னு அவருக்குத் தெரியாதா?"

"மேல லிட்டர் கணக்குதான் போட்டிருக்குமாம். அன்னிக்குக் காலையில சாம்பிளுக்காக ஒரு பெரிசையும் ஒரு சின்னதையும் சேர்த்து எடைமேடையில ஏத்தினாராம். மத்தியானம் சாப்பிட வந்தப்போ சொல்லிச் சிரிச்சார். 'ரெண்டும் சேர்ந்து நின்னும் நூறைத் தொடல, ரெண்டு கிலோ குறையுது. நானும் உங்கம்மாவும் மாதிரி'ன்னு. தம்பிக்குப் புரை ஏறிடுச்சு. அதான் ரெண்டு பேரும் கடைசியா சிரிச்சது."

"நூறுக்கு ரெண்டு குறைவு," என்று அம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். "அவசரம், நீ முதல்ல போய் லிஃப்ட் விழுந்த குழியைப் பாரு. நாங்க பின்னாலேயே வர்றோம்."

சூப்பர்வைசர் தன் அறையில் காத்திருந்தார். எடைமேடைக்காரரையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்.

"மிச்ச டிரம்களைப் பார்க்கலாமா?" என்றாள் அம்மாள்.

"எல்லாம் லாரி ஏறிப் போயாச்சும்மா."

"விபத்து நடந்த அன்னிக்கேவா?"

"ஆர்டர் நிக்குமா?" என்றவர் பென்சிலை எடுத்தார். "ஒளிவுமறைவே இல்ல. மூணு பெரிசு, ரெண்டு சின்னது, எடைமேடையில இருநூத்தி அம்பது. ஆறு பெரிசு, நாலு சின்னது, ஐநூறு. என்னய்யா?"

எடைமேடைக்காரர் தலையாட்டினார்.

"பெரிசு அறுபது, சின்னது முப்பத்தஞ்சு. ரெண்டு எடைக்கும் கச்சிதமா பொருந்துதா? ஆறும் நாலும் ஏத்த வேண்டிய லிஃப்ட்ல இவ புருஷன் எட்டுப் பெரிசும் ஒரு சின்னதும் ஏத்தினான். ஐநூத்திப் பதினஞ்சு!"

குழியிலிருந்து திரும்பிய அவசரம் காகிதப் பொட்டலமும் கையுமாக வாசலில் நின்று விரல்விட்டுப் பார்த்தான். "பொருந்துதே அண்ணி!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

கூட வந்திருந்த அந்தப் பெண் பென்சில் கணக்கையே பார்த்தாள். அப்படியானால் உண்மைதான். இனி எந்த முகத்தோடு அந்தக் கட்டிலருகே போவாள்?

"பெரிசும் அம்பது, சின்னதும் அம்பதுன்னு வெச்சுப் பாரு," என்றாள் அம்மாள்.

அவசரம் உதட்டை அசைத்துக் கூட்டினான். "நூத்தி அம்பதும் நூறும்... இருநூத்தி அம்பது. அட, இதுவும் பொருந்துது!"

"பெரிசு அம்பத்தாறு, சின்னது நாப்பத்தொண்ணு?"

"அதுவும்தான்!"

"எண்ணி மாளாத விடை பொருந்தும். ஆறும் நாலும்ங்கிறது மூணும் ரெண்டும்ங்கிறதோட இரட்டிப்புதானே? ரெண்டு சாட்சி கொண்டு வந்தேன்னு நினைக்காதீங்க சார். ஒரே சாட்சி ரெண்டு தடவை பேசியிருக்கு. அத்தனை விடையில இந்த மனுஷனைக் கொலைகாரனாக்குற விடையாப் பார்த்து எடுத்திருக்கீங்க."

சூப்பர்வைசர் பென்சிலால் மேசையைத் தட்டினார். "அப்போ மூணாவது சொல்றேன். முந்தின நாள் ஒம்பது பெரிசு, ஆறு சின்னது. எழுநூத்தி எண்பது. என் கண்ணால பார்த்தேன்!"

எடைமேடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு மடங்கு சரக்குன்னா மூணு மடங்கு எடை, எழுநூத்தி அம்பதுதான் வரணும்," என்றாள் அம்மாள் குரல் உயராமல். "நீங்க சொல்ற ரெண்டுக்கும் பொருந்துற டிரம் உலகத்துலேயே கிடையாது. முதல் எடைக்கு இவர் சாட்சி இருக்கார். ரெண்டாவது உங்க வாயிலேருந்து இப்போ பிறந்தது." பிறகு எடைமேடைக்காரர் பக்கம் திரும்பினாள். "ஐயா, அன்னிக்குக் காலையில சாம்பிளுக்கு ஒரு பெரிசும் ஒரு சின்னதும் ஏறிச்சாமே?"

சூப்பர்வைசரை ஒரு முறை பார்த்தார் அவர். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"ஏறிச்சும்மா. தொண்ணூத்தெட்டு. மாமியாரை இழுத்து ஒரு கிண்டல்கூட அடிச்சான் பாவி."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுதான் நிஜமான ரெண்டாவது சாட்சி. முதல் சாட்சி சொன்னதையே இது திருப்பிச் சொல்லல," என்றாள் அம்மாள். "ஒண்ணும் ஒண்ணும் தொண்ணூத்தெட்டுன்னா, ரெண்டும் ரெண்டும் நூத்தித் தொண்ணூத்தாறு. அதை இருநூத்தி அம்பதுலேருந்து எடுத்தா மிஞ்சுறது ஒரே ஒரு பெரிசு. அம்பத்தி நாலு. சின்னது நாப்பத்தி நாலு. வேற விடைக்கு இடமே இல்ல. இப்போ எட்டுப் பெரிசும் ஒரு சின்னதும்?"

"நானூத்தி எழுபத்தாறு!" அவசரம் கத்தியே விட்டான். "ஐநூறைத் தொடல அண்ணி!"

"தாங்குற எடையில அறுந்துச்சுன்னா, குத்தம் எடையில இல்ல. பொட்டலத்தைப் பிரி."

லிஃப்டைத் தாங்கி, அறுந்து குழியில் கிடந்த கம்பிவடத்தின் துண்டு அது. நாலே இழைகளின் முனை பளபளத்தது. மற்றவை உள்வரை துருவேறியிருந்தன.

"அன்னிக்கு அறுந்தது இந்த நாலுதான். மிச்சதெல்லாம் எப்பவோ அறுந்தது. வடத்தை மாத்தாம ஓட்டச் சொன்னது யாரு?"

சூப்பர்வைசர் பென்சிலை மேசைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. அவர் குனியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தான். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க அவனைக் கொல்லல. வடம்தான் இத்துப் போயிருக்கு."

"என் மனசு ஆறட்டும்னு சொல்றே."

"ஒரு பெரிசும் ஒரு சின்னதும் எவ்வளவுன்னு சொல்லிச் சிரிச்சீங்க?"

சுவரிடம் சொல்வதுபோல, "நூறுக்கு ரெண்டு குறைவு," என்றான்.

"அப்போ ரெண்டும் ரெண்டும்?"

அவன் விரல்கள் போர்வைமேல் அசையத் தொடங்கின. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். நானூற்று எழுபத்தாறுக்கு வந்ததும் விரல்கள் நின்றன. அவன் மெல்ல முகத்தைத் திருப்பினான்.

"தம்பி போயிட்டானே," என்றான். "போயிட்டானேடி."

இத்தனை நாள் கொன்றவனாகக் கிடந்தவன், அப்போதுதான் மைத்துனனைப் பறிகொடுத்தவனாக அழுதான். அவள் அவன் கையை விடாமலே வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, உள்ளே வா."