கடைசிச் சொல்லுக்குப் பச்சை விளக்கு

மெய்மானி வந்தபிறகு வேலூர்ச் சந்தையில் "இன்னைக்குப் பறிச்சதுங்க" என்று கூவ ஆளில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொன்ன ஊர். அங்கே மாப்பிள்ளை வீட்டார் பொத்தான் அளவுக் கருவியைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், தரகர்கள் எல்லாம் வேறு தொழில் பார்க்கப் போய்விட்டார்கள். ஜனங்கள் யோக்கியர்கள் ஆகிவிடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கருவி செய்கிற வேலை எளியதுதான். பொய் சொல்கிறவனின் மூளை உண்மையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டுதான் பொய்யை எடுத்து நீட்டுகிறது. அந்த அமுக்கும் சிரமம் குரலில் மெல்லிய நடுக்கமாக இறங்கும். நம் காதுக்குக் கேட்காது, மெய்மானிக்குக் கேட்கும். நடுக்கம் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை.

ஓய்வுபெற்ற ஹவில்தார் லோகித் அதன் முன்னால் உட்காரப் பயந்தார். பனிமலைப் போரில் கால்விரல் மூன்றைக் குளிருக்குக் கொடுத்தபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

போரில் இறந்தவர்களுக்கு நினைவுக்கல் நட ஏற்பாடாகியிருந்தது. ஒவ்வொரு கல்லிலும் அந்த வீரர் கடைசியாகச் சொன்ன சொல்லைச் செதுக்குவார்கள். அதைக் கேட்ட சாட்சி மெய்மானி முன் சொல்ல வேண்டும், பச்சை எரிய வேண்டும். அவருக்குக் கீழே நாயக்காக இருந்த ரித்தீஷ் கடைசியாகப் பேசியதைக் கேட்டவர் லோகித் ஒருவர்தான்.

ரித்தீஷிடம் ஒரு கெட்ட பழக்கம். கிளம்பும்போது எல்லோரையும்போல "வரேன்" என்று சொல்லமாட்டான். "போறேன்" என்பான். இதற்காக அவன் மனைவி யாழினி போடாத சண்டையில்லை. கடைசி விடுப்பு முடிந்து புறப்பட்டபோது, பஸ் ஸ்டாண்டில் அவன் கையைத் தன் தலையில் வைத்து, இனி அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினாள்.

புயலில் சாய்ந்த ஆண்டெனாவை நிமிர்த்தக் கூடாரத்தை விட்டு வெளியே போனவன், "போறேன்ணா" என்றுதான் சொன்னான். சற்று நேரத்தில் அங்கே குண்டு விழுந்தது.

அவன் பெட்டியை ஊருக்கு எடுத்துவந்த லோகித்திடம் யாழினி கேட்ட முதல் கேள்வி, "வெளிய போறப்ப என்ன சொன்னாருண்ணா?"

"வரேன்னு சொன்னான்மா."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், பிள்ளையை வளர்த்தாள், பேரனைப் பார்த்தாள். லோகித்துக்கு மட்டும் அன்றிலிருந்து விடைபெறும்போது இரண்டு சொல்லுமே வாயில் வரவில்லை. எந்த வீட்டிலும் பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று எழுந்து போய்விடுவார். ராணுவத்துக் கொழுப்பு என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பாவம், மனிதர் யாரிடம் என்ன விளக்குவார். யாழினிக்குப் பொய்யைக் கொடுத்துவிட்டு நிஜத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். கசப்பானதுதான். ஆனாலும் அது ரித்தீஷ் வாயிலிருந்து வந்தது, அவரிடம் மட்டுமே இருந்தது.

சாட்சி சொல்ல அழைப்பு வந்ததும் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துப் பார்த்தார். ஒருநாள் காலையில் யாழினியே வந்து நின்றாள்.

"கல்லு மொட்டையா நிக்கணுமாண்ணா? அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் இத்தினி வருசம் ஓட்டுனேன்."

லோகித் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

அலுவலகத்தில் இருந்த இளம் அதிகாரியின் பெயர் அலமேலு. பழைய பெயர்கள் திரும்பிவந்துவிட்ட தலைமுறை. மெய்மானியை மேசைமேல் வைத்து, "பதட்டப்படாம சொல்லுங்க சார்" என்றாள்.

லோகித் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். சிவப்பு எரிந்தால் யாழினி இந்த வயதில் இன்னொருமுறை புருஷனை இழப்பாள், அதுவும் அவர் கையால்.

"கூடாரத்த விட்டு வெளிய போறப்ப, வரேன்ணானு சொன்னான்."

பச்சை எரிந்தது.

யாழினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்ணா. என் தலைமேல அடிச்ச சத்தியத்த அவரு மீறமாட்டாரு" என்றாள். பிறகு கல்லைப் பார்க்க வெளியே போனாள். அவள் நடையே மாறியிருந்தது.

லோகித்துக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் வேறொன்று உறுத்தியது. பச்சை எப்படி எரியும்? திவசத்துக்குத் திவசம் அவளிடம், பிறகு பிள்ளையிடம், பேரனிடம் என்று "வரேன்" கதையை எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "போறேன்" என்றதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அமுக்குவதற்கு உள்ளே ஒன்று இருந்தால்தானே குரல் நடுங்கும்.

"அம்மா, இன்னொரு வாட்டி அத போடேன்" என்றார். கருவி உயிர்பெற்றதும் நிதானமாகச் சொன்னார்: "ரித்தீஷ் வரேன்னு சொல்லல. போறேன்ணானுதான் சொன்னான்."

சிவப்பு எரிந்தது.

லோகித் கண்ணை மூடிக்கொண்டார். கூடாரம் தெரிந்தது. ரித்தீஷ் தோளில் ஒட்டியிருந்த பனி தெரிந்தது. அவன் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தான். "வரேன்ணா" என்றான். இன்னொருமுறை முயன்றார். அப்போதும் அதையேதான் சொன்னான். அவர் பொத்திவைத்திருந்த ரித்தீஷை அங்கே காணவில்லை.

அலமேலு கருவியை அணைத்தாள். அவர்மேல் அவளுக்குக் கோபமில்லை, வருத்தம்தான்.

"அவங்கதான் நிம்மதியா போறாங்களே. எதுக்கு சார் இப்ப பொய் சொல்றீங்க?"