கீழே இருப்பவர்

போனை எடுத்ததும் ஆர்டிஸின் காதில் இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று பேசப்போகிற பெண்ணுடையது. இன்னொன்று ஈரமாக, நிதானமாக, பக்கத்திலேயே இருப்பதுபோல இழைந்துகொண்டிருந்தது. பனிக்காலத்தில் லைன் இப்படித்தான் இரையும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மாவட்ட சுகாதார ஆபீஸ்லேருந்து கெல்சி பேசறேன், மிசஸ் ஹாகென். நம்ம ஊர்ல யாருக்கு உடம்பு எப்படி இருக்கு, என்ன உதவி வேணும்னு ஒரு கணக்கெடுப்பு. தனியா இருக்கிறவங்களுக்கு வாரா வாரம் நர்ஸ் அனுப்பற திட்டமும் இருக்கு."

"கேளும்மா."

ஆர்டிஸ் மினசோட்டாக்காரி அல்லவா, குதிரை மிதித்தாலும் வலிக்கிறது என்று வாயைத் திறக்க மாட்டாள். தூக்கம்? பரவாயில்லை. சாப்பாடு? பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை குளியலறையில் விழுந்து இடுப்பு வீங்கிக் கிடப்பதையும், அந்த நர்ஸ் வரமாட்டாளா என்று மனசு ஏங்குவதையும் எப்படிச் சொல்வது? ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் காபி கருகும் வாடை. அதையும் மீறி, நிலவறைக் கதவின் அடியிலிருந்து ஈரமண் வாடை.

"வீட்ல தனியாத்தான் இருக்கீங்களா?"

முன்பின் தெரியாத குரலிடம் எந்தப் பெண் ஆமாம் என்பாள்? "இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் டுவேன் கீழ பட்டறைல இருக்கார்."

டுவேனைப் போன ஏப்ரலில் புதைத்தாயிற்று.

"அப்போ ரெண்டு பேர். யாருக்குப் பிறந்தநாள் முதல்ல வருதோ, மிச்சக் கேள்வியை அவங்ககிட்டதான் கேக்கணும். எங்க விதி அப்படி."

"அவருக்குத்தான், அடுத்த வாரம்," என்று பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது. "ஆனா அவர் வேலையா இருக்கார்."

அந்த ஈர மூச்சு நின்றது. நிலவறைப் பட்டறையில் இதே லைனில் இன்னொரு போன் இருப்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"சொல்லும்மா," என்றது ஒரு குரல்.

நாற்பது வருஷம் கேட்ட டுவேனின் குரல் இல்லை அது.

"நன்றி சார். மிசஸ் ஹாகென், நீங்க வெச்சிடலாம்."

"கெல்சி, பொய் சொல்லிட்டேம்மா. அவர் செத்துப் போயிட்டார்."

"அவ இப்படித்தான்," என்றது குரல் கனிவாக. "குளிக்கற எடத்துல விழுந்ததுலேருந்து புத்தி தடுமாறுது."

விழுந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அடடா. நடக்க முடியுதா சார்?"

"முடியாது."

எழப் பார்த்தாள். முடியவில்லை.

"நர்ஸை அனுப்பட்டுமா?"

அனுப்பு என்று கத்தினாள். காற்றுதான் வந்தது.

"வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

"சரி. வீட்ல பெரியவங்க ரெண்டு பேர்னு போட்டுக்கறேன்."

"ஒருத்தர்னே போட்டுக்கோ."

"சார்?"

லைன் அறுந்தது.

நிலவறைப் படி முனகியது. டுவேனின் பூட்ஸையெல்லாம் சர்ச் விற்பனைக்குக் கொடுத்திருந்தாள். ஏறி வந்தது வெறுங்கால். ஈரம் சொதசொதத்தது. ஒவ்வொரு படியாக. தாழ்ப்பாள் அவள் பக்கம்தான். திறந்து கிடந்தது. எட்டவில்லை.

கதவின் அடியிடுக்கில் கால்விரல்கள் வந்து நின்றன. நகமெல்லாம் மண்.

"ரொம்ப வலிக்குதா, ஆர்டிஸ்?"

அவள் உதடுகள் தாமாகவே அசைந்தன.

"பரவாயில்லை."