இரண்டு பத்துக்குக் காணாமல் போன குரல்

பிற்பகல் 2.10.

வீரசிங்கம் மேசைமேல் இருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

சிறிய டோர்ச் லைட் அளவே உள்ள கருவி அது. கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிரும். அந்த அதிர்வை உதடும் நாக்கும் சொற்களாக்கும். பதினோரு மாதங்களுக்கு முன் புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் மூச்சு விடுவது கழுத்தின் அடியில் உள்ள துளை வழியாக. அதன்மேல் கட்டிய வெள்ளைத் துணி ஒவ்வொரு மூச்சுக்கும் உப்பி அடங்கும். அந்தக் கருவி இல்லாவிட்டால் அவரிடம் சத்தமே இல்லை.

நிகழ்ச்சி நான்கு மணிக்கு. பதுளையின் அந்த மண்டபத்துக்கு வெளியே மடுல்சீமையிலிருந்தும் பூனாகலையிலிருந்தும் வந்த லொறிகள் நின்றன. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இருபது வருடம் தொலைக்காட்சியில் கங்காணி வேடம் போட்டுச் சிரிக்க வைத்தவர் நோய்க்குப் பின் ஏறும் முதல் மேடை. வாசலில் இளவட்டங்கள் தேநீர்க் கோப்பையை வாயருகே பிடித்து, "பூ... பூ..." என்று ஊதி, கண்ணை உருட்டிக் காட்டினார்கள். அது அவருடைய பிரபலமான சேட்டை. இரண்டு தரம் தேநீரை ஊதுவார். பிறகுதான் பகிடியை அவிழ்ப்பார்.

வீரசிங்கம் மேசையில் ஓங்கி அடித்தார். தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மதுஷா ஓடி வந்தாள். வெறும் பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"வேற மிஷின் இருக்குங்களா ஐயா?"

அவர் கொப்பியில் எழுதினார்: 'கொழும்பில்.'

2.25.

மதுஷா பொலிசை அழைக்கவில்லை, மர்ஸூக்கை அழைத்தாள். பஸ் நிலையத்தருகே தேநீர்க்கடை வைத்திருக்கும் மர்ஸூக், முப்பது வருடம் பொலிசில் இருந்து சார்ஜனாக ஓய்வு பெற்றவர். ஒரு மணிக்கு வீரசிங்கத்துக்குத் தேநீர் பிளாஸ்க் கொண்டுவந்து வைத்ததும் அவரே.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவை ஒட்டி மேசை. அதன்மேல் வெறும் பெட்டி. எதிர்ப்பக்கம் ஜன்னல். ஜன்னலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. ஜன்னல் விளிம்பில் பிளாஸ்க்கும் இரண்டு கிளாஸ்களும். இரண்டின் அடியிலும் தேநீர் ஈரம்.

"யாராச்சும் கூட இருந்து குடிச்சாங்களா?" என்று மர்ஸூக் கேட்டார்.

வீரசிங்கம் தலையசைத்து மறுத்தார். பிறகு எழுதினார்: 'ஒன்று ஐந்துக்குக் கழுத்துக் குழாய் கழுவப் போனேன். ஒன்று பதினைந்துக்கு வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தேன். பெட்டியைப் பார்க்கவில்லை.'

"அதுக்குப் பொறகு?"

"அதுக்குப் பொறகு நான்தான் வந்தேன்." வாசலில் ஓர் உறுதியான குரல் கேட்டது. ரெங்கம்மா, வீரசிங்கத்தின் அக்கா. எழுபத்திரண்டு வயது. வெள்ளைச் சேலை. வளையாத முதுகு. "ஒன்றரைக்கு மாத்திரை குடுத்தேன். தம்பி தூங்கினான். ரெண்டு வரைக்கும் இங்கதான் இருந்தேன். வேற ஒரு ஈ கூட உள்ள வரல."

மதுஷா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா, காலையில நீங்க... அந்த மிஷின ஒளிச்சு வச்சிருவேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். வண்டு கத்துற மாதிரி சத்தத்தோட என் தம்பி நாலு பேர் முன்னாடி நிக்கிறது எனக்குப் பிடிக்கல. ஆனா சொல்லிட்டுச் செய்யறவ நான். சொல்லாம எடுக்கிறவ இல்ல." அவள் தன் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். மாத்திரை அட்டை, திருநீற்றுப் பொட்டலம், கைக்குட்டை. "நல்லாப் பாருங்க. எங்க குடும்பத்துல யாருக்கும் திருட்டுப் பட்டம் வந்ததில்ல. என்கிட்ட இல்லன்னு ஆனா, இந்தப் பொண்ணு மைக்குல மன்னிப்புக் கேக்கணும்."

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க," என்றார் மர்ஸூக்.

"நிக்கிறேன்."

2.45.

மதுஷா இன்னொரு வழி சொன்னாள். கடந்த எட்டு மாதங்களாகத் தொலைக்காட்சியில் வீரசிங்கம் உதட்டை மட்டும் அசைத்தார். குரல் கொடுத்தது ஜெயரூபன் என்ற பலகுரல் கலைஞன். கொழும்பில், வேறு அறையில், வேறு நாளில் பதிவு செய்வார்கள். பழைய வீரசிங்கத்தின் குரல் அப்படியே இருக்கும். பார்த்தவர்களுக்கு இது தெரியாது.

"ஜெயரூபன் இங்க வந்திருக்கான். இன்னிக்கும் திரைக்குப் பின்னாடி நின்னு பேசட்டும் ஐயா. நிகழ்ச்சி நடந்திரும்."

வீரசிங்கம் பெரிய எழுத்தில் எழுதினார்: 'மாட்டேன். என் ஊர்க்காரங்க. என் குரல். இல்லையென்றால் திரை எழும்பாது.'

வெளியே கூட்டம் விசிலடித்தது. மர்ஸூக் மணியைப் பார்த்தார். ஒரு மணி நேரமும் கால் மணியும் மிச்சம்.

2.55.

ஜெயரூபன் வந்தான். முப்பது வயது. கம்பளி ஜெர்சி, மெலிந்த முகம்.

"நீங்க எங்க இருந்தீங்க தம்பி?"

"மேடையில, மர்ஸூக் நானா. ஒன்னு இருபதுல இருந்து. மைக் பார்த்தோம். இருபது பேர் சாட்சி."

மேடையில் இருந்தவர்களிடம் மர்ஸூக் ஏற்கெனவே விசாரித்திருந்தார். அது உண்மை.

"அதுக்கு முன்னாடி?"

"வர்ற வழியில இந்தக் கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. எட்டிப் பார்த்தேன். ஒன்னேகால் இருக்கும்."

"என்ன பார்த்தீங்க?"

"மேசையில மிஷின் இருந்துச்சு. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருந்தாரு. கிளாஸ ஒரு கையில புடிச்சு, ஊதி ஊதி தேத்தண்ணி குடிச்சாரு. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு போயிட்டேன்."

"அப்ப ஒன்னேகாலுக்கு மிஷின் இருந்துச்சு."

"சத்தியமா நானா."

எல்லோருடைய கண்களும் ரெங்கம்மாவின் பக்கம் திரும்பின. ஒன்றேகாலுக்குப் பிறகு அந்த அறைக்குள் வந்தவள் அவள் ஒருத்திதான். அவள் கண் கலங்கவில்லை; நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நிமிர்ந்தே நின்றாள்.

மர்ஸூக் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு கிளாஸில் தேநீர் ஊற்றினார். ஆவி பறந்தது. அதை வீரசிங்கத்திடம் நீட்டினார்.

"குடிங்க ஐயா. வழக்கமா குடிக்கிற மாதிரி."

வீரசிங்கம் வாங்கினார். இரண்டாவது கிளாஸை எடுத்தார். ஒன்றிலிருந்து மற்றதற்கு உயரத் தூக்கி ஆற்றினார். ஒரு தரம், இரண்டு தரம், ஐந்து தரம். பிறகு மெதுவாகக் குடித்தார்.

மர்ஸூக் ஜெயரூபனைத் திரும்பிப் பார்த்தார்.

"மிஷின எடுத்தது நீங்க."

"என்ன நானா சொல்றீங்க?"

"இவருக்கு மூச்சு வாயால வராது, தம்பி. கழுத்தால வரும். அந்தத் துணியப் பாருங்க. ஒரு மெழுகுதிரியக் கூட இவரால ஊதி அணைக்க ஏலாது. தேத்தண்ணிய எப்படி ஊதுவாரு? நான் கடைக்காரன். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுக்குப் பொறகு, ஊருக்கு வர்றப்பல்லாம் இவர் என் கடையில ரெண்டு கிளாஸ் கேட்பாரு. அதனாலதான் இன்னிக்கும் ரெண்டு வச்சேன். நீங்க பார்த்திருந்தா ரெண்டு கையிலயும் கிளாஸப் பார்த்திருப்பீங்க."

ஜெயரூபன் ஜெர்சியைக் கீழே இழுத்துவிட்டான்.

"ஒன்னேகாலுக்கு நீங்க கதவுகிட்ட வரவே இல்ல. அதுக்கு முன்னாடி, அவர் கழுவப் போன பத்து நிமிசத்துல வந்து எடுத்தீங்க. பெட்டிய மூடி வச்சீங்க. பொறகு மிஷின் அதுக்கப்புறமும் இருந்துச்சுன்னு காட்ட ஒரு கதை வேணும். பிளாஸ்க்கைப் பார்த்தீங்க, தேத்தண்ணி குடிச்சார்னு சொன்னா நம்புவாங்கன்னு நினைச்சீங்க. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சது டீவியில ஊதின பழைய வீரசிங்கம். எட்டு மாசம் இவர் குரலப் பேசினீங்க. ஒரு நாளாவது இவரோட உக்காந்து குடிச்சீங்களா?"

வீரசிங்கத்தின் கழுத்துத் துணி வேகமாக உப்பி அடங்கியது.

ஜெயரூபன் ஜெர்சியைத் தூக்கினான். இடுப்பில் செருகியிருந்த கருவியை மேசைமேல் வைத்தான்.

"விக்கவோ உடைக்கவோ இல்ல. நிகழ்ச்சி முடிஞ்சதும் வச்சிருப்பேன். அண்ணன் இன்னிக்குச் சொந்தமாப் பேசிட்டா அப்புறம் நான் எதுக்கு? அவருக்கு முகம் இருக்கு. எனக்கு அந்தக் குரல் மட்டுந்தான்."

"என் மேல பழி விழுந்துச்சே, அது தெரியலயா உனக்கு?" ரெங்கம்மாவின் குரல் உயர்ந்தது. "பொலிசக் கூப்பிடு மதுஷா!"

வீரசிங்கம் கையுயர்த்தினார். கருவியை எடுத்துத் துடைத்தார். கழுத்தில் அழுத்தினார். ஏற்ற இறக்கமில்லாத, இரும்பு உரசுவது போன்ற குரல் எழுந்தது.

"அக்கா காலைத் தொட்டு மன்னிப்புக் கேளு. அப்புறம் என்னோட மேடைக்கு வா. எட்டு மாசமா பேசினது யாருன்னு நானே சொல்றேன்."

ஜெயரூபன் குனிந்தான். ரெங்கம்மா காலைப் பின்னுக்கு இழுக்கவில்லை. ஆசி சொல்லவும் இல்லை.

"அம்மா, மைக்குல மன்னிப்பு..." என்று மதுஷா ஆரம்பித்தாள்.

"வேணாம். வீட்டு விசயம் வீட்டோட இருக்கட்டும்."

4.00.

திரை எழுந்தது. வீரசிங்கத்துக்குப் பக்கத்தில் ஜெயரூபன் நின்றான். மண்டபம் கூரை பிளக்கக் கைதட்டியது. வீரசிங்கம் கருவியைக் கழுத்தில் வைத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்."

கைதட்டல் சட்டென்று நின்றது. எழுநூறு பேர் மிரண்டு பார்த்தார்கள். முன்வரிசையில் ரெங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாதீங்க. தேயிலை பெக்டரிய மூடிட்டாங்கன்னு நினைச்சீங்களே, மிஷின் எங்க போச்சுன்னு யாராச்சும் கேட்டீங்களா?" அவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான் ஓடுது. ரெண்டு ஷிப்ட்!"

பின்வரிசையில் ஒருவன் வெடித்துச் சிரித்தான். மண்டபமே சிரித்தது. நாற்காலிகள் அதிர்ந்தன. மடுல்சீமை லொறியில் வந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

ரெங்கம்மாவின் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யாருடியம்மா இந்த மனுசன், கொல்றானே!" என்றாள்.

ரெங்கம்மா அவள் பக்கம் திரும்பினாள். மூன்று வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"என் தம்பி."