பச்சை விளக்கும் மூன்று துணிகளும்

அந்தத் தெருவில் ஒவ்வொரு கடைச் சுவரிலும் ஒரு குட்டி விளக்கு உண்டு. வெயிலும் காற்றும் தாராளமாக இருந்தால் கரண்டு மலிவு. விளக்கு பச்சையாக எரியும். கரண்டு போதாமல் போனால் விலை ஏறிவிடும், விளக்கு சிவக்கும். காலையில் எழுந்ததும் எல்லோரும் முகம் கழுவுகிறார்களோ இல்லையோ, விளக்கைப் பார்த்துவிடுவார்கள்.

சலவைக்கடை அம்மாவின் மகளுக்கு மட்டும் வானம்தான் பிடிக்கும். லீவு நாளென்றால் மொட்டைமாடியில் மல்லாந்து படுத்துவிடுவாள். தூரத்து மலையில் காற்றாலைகள் மெல்லச் சுற்றும். பார்த்துக்கொண்டே இருந்தால், மாடியே மிதந்து போவதுபோல இருக்கும். தெருவே அவளைப் 'பராக்கு' என்றுதான் கூப்பிடும்.

அன்று கீழே அம்மா போனில் சித்தியிடம் பேசுவது கேட்டது.

"நேத்தே லேட்டு. இன்னைக்கும் சாயங்காலத்துக்குள்ள விரிப்பெல்லாம் போய்ச் சேரலைன்னா, ஆஸ்பத்திரிக்காரங்க வேற கடைக்குக் குடுத்துடுவாங்களாம்."

பராக்கு ஓடி இறங்கினாள். கடையில் வெள்ளை விரிப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றைச் சுடுதண்ணீரில் துவைக்கும் பெரிய மெஷின் சும்மா நின்றது. விளக்கு சிவப்பு.

"இப்பவே போடேன்மா!"

"சிவப்புல போட்டா கிடைக்கிற கூலி கரண்டுக்கே சரியாப் போயிடும், கண்ணு. இன்னைக்கு என்னவோ பச்சை வருது, உடனே போயிடுது."

பராக்கு மறுபடி மாடிக்குப் போனாள். வெயில் பளீரென்று அடித்தது. காற்றாலைகளும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அப்புறம் ஏன் சிவப்பு? எதிர்க்கடை விளக்கு தெரியும்படி கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

பச்சை வந்தது. எதிரே மாவு மில் கடகடத்தது. பக்கத்தில் ஐஸ் கடை உறுமியது. கீழே அம்மாவின் மெஷின் சளப் சளப் என்றது. எல்லாம் ஒரே நேரத்தில்! கொஞ்ச நேரத்தில் சிவப்பு. தெருவே அமைதியானது. மறுபடி பச்சை, மறுபடி இரைச்சல். தெரு தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல இருந்தது.

பராக்கு துள்ளி எழுந்தாள். மேகமும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று பேரும் ஒன்றாகப் பாய்ந்தால் கரண்டு எப்படிப் போதும்?

அவள் நேரே ஐஸ் கடைக்கு ஓடினாள்.

"மாமா, உங்க பெட்டியில ஐஸ் எவ்வளவு நேரம் உருகாம இருக்கும்?"

"கதவைத் தொறக்காம இருந்தா மத்தியானம் வரைக்கும் அசையாது. ஏன் கேக்குற?"

"அப்போ அம்மா முதல்ல துவைக்கட்டுமா? அப்புறமா நீங்க போடுங்க."

"நான் விட்டுக்குடுத்தா அந்த மில்லுக்காரர் போட்டுடுவாரே!"

பராக்கு எதிரே மாவு மில்லுக்கு ஓடினாள். மில்லுக்காரர் மீசையெல்லாம் மாவாக நின்றார். "எனக்கும் அவசரமில்ல பாப்பா. ஆனா நான் விட்டுக்குடுத்தா அந்த ஐஸ்காரர் போட்டுடுவாரே!"

பராக்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐஸ்காரரையும் அங்கே கூட்டி வந்தாள். "ஆளுக்கு ஒரு துணி குடுங்க. மாடிக் கம்பத்துல யாரோட துணி பறக்குதோ, அவங்க மட்டும்தான் மெஷின் போடணும். நான் அங்கயே உக்காந்து பாத்துக்கிறேன். யாரு ஏமாத்தினாலும் சத்தத்திலேயே தெரிஞ்சுடும்!"

"அட, நல்லாத்தான் இருக்கு" என்றபடி ஐஸ்காரர் தன் நீல ஏப்ரனைக் கழற்றினார். மில்லுக்காரர் மாவு படிந்த துண்டைக் கொடுத்தார்.

முதலில் பறந்தது அம்மாவின் வெள்ளை விரிப்பு. கீழே சளப் சளப். விளக்கு பச்சையாகவே இருந்தது. துவைத்த விரிப்புகள் மாடி முழுக்கக் காய்ந்தன. காற்று அவற்றை ஊதி ஊதி விட, பராக்கு மேகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதுபோல உணர்ந்தாள்.

நீல ஏப்ரன் ஏறியது. பிறகு மாவுத் துண்டு. அது படபடத்தபோது பராக்குக்குத் தலையெல்லாம் மாவு.

வெயில் சாய்வதற்குள் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. டிரைவர் ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் வெதுவெதுன்னு இருக்கே! நாளைக்கும் இதே நேரத்துக்கு வரேன்மா."

அம்மா வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பராக்கை இழுத்து இறுகக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் முகமும் மாவானது.

சூரியன் மறைந்ததும் விளக்கு சிவந்தது. தெருவில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. எல்லோருடைய வேலையும் முடிந்திருந்தது.