வாய் கொடுத்தவள்

"லா ப்ரொப்ளேமா" என்றுதான் ஹலினா சொன்னாள். தரைக்கடியிலிருந்து "இல் ப்ரொப்ளேமா" என்று திரும்பி வந்தது.

இந்த ஊர் மொழியில் ஆண்பால் சொல்லுக்கு முன்னால் 'இல்' போடாமல் பெண்பால் 'லா' போடுவது அவளுடைய பழைய தப்பு. போலந்திலிருந்து இந்த மொந்தெலாரோவுக்குப் படிக்க வந்து ஒரு வருடமாகியும் நாக்கு அதை விடவில்லை. ஆனால் எதிரொலி தப்பைத் திருத்திச் சொல்லுமா? கையில் பாடக் குறிப்புகளோடு சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எதிரே தரைக்கடித் தொட்டியின் வாய், கல்மூடி பாதி விலகிக் கறுப்பாகக் கிடந்தது. மழைத்தண்ணீரைச் சேர்க்கப் பாறையைக் குடைந்து செய்தது. அந்த ஊர்ப் பழைய வீடுகள் எல்லாவற்றிலும் உண்டு. குழாய் வந்தபிறகு யாரும் தொடுவதில்லை. ஜூலை வெயிலில் வீடே சூளையாகக் கொதித்தபோது அந்த வாயிலிருந்து மட்டும் குளிர்காற்று ஏறி வந்தது, ஈரச் சுண்ணாம்பும் பாசியும் துருவும் கலந்த வாசனையோடு. அதற்காகத்தான் மூடியைத் தள்ளியிருந்தாள்.

வெளியே ஊர் அடங்கிக் கிடந்தது. பகல் சாப்பாடு முடிந்ததும் சன்னல் பலகைகளை இழுத்துச் சாத்திக்கொண்டு தூங்கிவிடும் ஊர். தெருவில் வெயில் மட்டும் தனியாக நின்றது.

வேண்டுமென்றே மறுபடியும் அதே தப்பைச் செய்தாள். மறுபடியும் திருத்தம் வந்தது. அவள் குரல்தான். ஆனால் அவளைவிடச் சுத்தமாக.

அது அவளுடைய கடைசி வாரம். கூடப் படித்த வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பெட்டி கட்டிப் போய்விட்டார்கள். சுவரோவியப் பாடத்தில் வாய்மொழித் தேர்வு ஒன்று பாக்கி இருந்ததால் அவள் மட்டும் தங்கியிருந்தாள். போன முறை, "உனக்கு விஷயம் தெரியுது, வாய்தான் வரல" என்று பேராசிரியர் தால்மசோ அனுப்பிவிட்டார். இந்த முறையும் வாய் வராவிட்டால் ஒரு வருடப் படிப்பு முழுக்க மண்.

சாயங்காலம் மாடியிலிருந்து வீட்டுக்காரி ஒர்தென்சியா ஒரு தட்டில் அத்திப்பழத்தோடு இறங்கி வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கீழ்வீட்டை வருடா வருடம் வெளிநாட்டுப் பெண்களுக்கு வாடகைக்கு விடுபவள். சமையலறைக்குள் கால் வைத்ததும் நின்றாள்.

"மூடிய யாரு தள்ளுனது?"

"நான்தான் சிஞ்ஞோரா. புழுக்கம் தாங்கல."

"காத்துக்குத் தள்ளிக்க, வேணாங்கல. ஆனா உச்சி வேளையில அதுகிட்ட வாய் கொடுக்காத, மகளே."

ஹலினா சிரித்தாள். "கொடுத்தா என்ன பண்ணும்?"

ஒர்தென்சியா சிரிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, "பழம் நல்லா கனிஞ்சிருக்கு, இன்னைக்கே சாப்பிட்டுடு" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டாள்.

மறுநாள் உச்சி வேளையில் ஹலினா தொட்டியருகே போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் படுக்கையறையில் வியர்வையில் நனைந்தபடி ஒரு பத்தியை எத்தனை முறை சொன்னாலும் நடுவில் நாக்கு பிசகியது. எழுந்து போய் மூடியை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பாடமோ, கடையில் ரொட்டியும் பாலும் கேட்பதோ, அவள் எதைச் சொன்னாலும் அதையே எண்ணெய் போட்ட மாதிரி வழவழப்பாக்கி அது திருப்பித் தந்தது. பயம்தான். ஆனால் பரீட்சைப் பயம் அதைவிடப் பெரிய பயம். போலந்திலிருந்து அம்மா கூப்பிட்டபோதும் அங்கேயே உட்கார்ந்து, குளிர்ந்த கல்லில் முதுகைச் சாய்த்து, தாய்மொழியில் வெகுநேரம் பேசினாள். பேசி முடித்ததும் கீழே மெல்லிசாக ஒரு சிரிப்பு கேட்டது. அம்மா ஏதாவது கிண்டல் செய்தால் ஹலினா சிரிப்பாளே, அதே சிரிப்பு.

அடுத்த நாள் காலையில் ரொட்டிக்கடை ரொக்கோவின் முன்னால் நின்றவளுக்கு ரொட்டி என்ற சொல் வரவில்லை. தெரியும். மனதில் எழுத்தெழுத்தாய் நிற்கிறது. வாய்க்கு வரவில்லை. விரலால் காட்டினாள்.

"என்ன புள்ள, போற நேரத்துல எங்க பாஷைய எல்லாம் பெட்டியில போட்டுப் பூட்டிட்டியா?" என்று ரொக்கோ கேட்க, வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

தொண்டை கட்டியிருக்கும் என்று வெந்நீர் குடித்தாள். பால் என்ற சொல்லும் இல்லை. சாவியும் இல்லை. அவளே தொட்டியிடம் சொல்லிப் பழகிய சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றிருந்தன. புரிந்ததும் ஓடிப்போய் மூடியை இழுத்துச் சாத்தி, அதன்மேல் கனமான மேசையை நகர்த்திவைத்தாள்.

அன்று உச்சி வேளையில், மூடிக்கு அடியிலிருந்து, அவள் குரலிலேயே கேட்டது.

"நாளைக்கு என்ன கேப்பாங்க?"

அவள் படுக்கையறைக்கு ஓடினாள். தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

"நீ சொல்லாட்டியும் பரவாயில்ல. எனக்கு எல்லாம் வந்துடுச்சு."

மறுநாள் தேர்வறையில் தால்மசோ நல்ல மனநிலையில் இருந்தார். பின்வரிசையில் சில மாணவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். "பதறாதம்மா. உனக்குப் பிடிச்ச இடத்துலேர்ந்து ஆரம்பி."

ஹலினா வாயைத் திறந்தாள்.

"...ரம்பி" என்றது அவள் வாய்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன?"

"...ன்ன."

"விளையாடுறியா?"

"...டுறியா."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குள் அந்தச் சிரிப்பின் வாலும் அவள் வாயிலிருந்து வந்தது. நாற்காலி விழுந்த சத்தம்கூடக் கேட்காமல் ஓடினாள்.

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பலகைகள் சாத்திய வீடுகள். ஆளில்லாத படிக்கட்டுகள். அவள் செருப்புச் சத்தம் மட்டும் சுவருக்குச் சுவர் மோதியது. யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? தட்டி என்ன சொல்வது?

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

சமையலறையில் மேசை பழைய இடத்துக்குப் போயிருந்தது. மூடி பாதி விலகியிருந்தது. தொட்டியின் வாயிலிருந்து ஈரக் காலடிகள், வெறுங்கால், நடைவழியில் அவளுடைய படுக்கையறை வரை. பாசி வாசனை.

படுக்கையறைக்குள் யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். போலிஷ் மொழியில்.

"பாஸாயிட்டேன்மா! ஆமா... வாய் தடுமாறவே இல்ல. அழாதம்மா. நாளைக்கு உன் கையால சாப்பிடப் போறேன்ல."

"...போறேன்ல" என்றாள் ஹலினா. சொல்ல நினைக்கவில்லை. வந்தது.

கதவிடுக்கில் பார்த்தாள். ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த அவளுடைய நீலக் கவுன். முதுகு முழுக்கச் சொட்டும் முடி. பெட்டியின் ஜிப்பை இழுக்கும் கை. விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கி, ரொம்பக் காலம் தண்ணீரில் ஊறியவை.

கத்தினாள். கத்த முயன்றாள். அங்கே பேச்சு நின்றிருந்ததால் அவளுக்கும் சத்தம் இல்லை.

மாடிப்படியில் ஒர்தென்சியாவின் செருப்புச் சத்தம். "கிளம்பிட்டியா, கண்ணு? பஸ் வந்துரும்."

"கிளம்பிட்டேன் சிஞ்ஞோரா."

அந்த ஊர்க்காரி பேசுவதுபோலவே கடைசி எழுத்தை விழுங்கிய பேச்சு. ஹலினா சமையலறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பெட்டிச் சக்கரங்கள் கடந்து போயின. வாசலில் முத்தச் சத்தம், கன்னத்துக்கு ஒன்றாக. "போயிட்டு போன் பண்ணு." "பண்றேன்." கல்தெருவில் சக்கரங்கள் தடதடத்து, தேய்ந்து, நின்றன.

ஹலினா பாய்ந்து போய் ஒர்தென்சியாவின் கையைப் பிடித்தாள். தன் முகத்தைக் காட்டினாள். தன் தொண்டையைக் காட்டினாள். பார். நான்தான். நான்.

ஒர்தென்சியா பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. களைப்புதான் இருந்தது. தோள்பக்கம் நனைந்திருந்த தன் சட்டையைத் துண்டால் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஹலினாவின் மணிக்கட்டைப் பிடித்து, காய்ச்சல்காரப் பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல மெதுவாக, சமையலறைக்குக் கூட்டிப்போனாள். ஹலினா இழுத்தாள். அந்தப் பிடி அசையவில்லை. அவள் கால்களும், ஏனோ, அவள் சொன்னபடி கேட்கவில்லை.

கல்மூடி உரசிக்கொண்டு முழுவதும் விலகியது. ஒர்தென்சியா ஒதுங்கி நின்றாள், விருந்தாளிக்குக் கதவைத் திறந்து பிடித்திருப்பவளைப்போல.

"சீக்கிரம், மகளே. ஊர் முழிச்சுக்கப் போவுது."

"...போவுது."

கீழே தண்ணீர் அசைந்தது.

"...வுது" என்றது ஒரு பெண்குரல்.

"...வுது." இன்னொன்று.

"...து." இன்னும் ஒன்று. வேறு தேசத்துத் தொண்டை.

சன்னல் பலகையின் இடுக்கிலிருந்து வெயில் ஒரு கீற்றாகத் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. அது விழுந்த இடத்தில், தண்ணீர் மட்டத்தில், நிமிர்ந்த முகங்கள். ஒன்றையொன்று ஒட்டி. எல்லாம் இளம் முகங்கள். கண்கள் மூடியிருந்தன. வாய்கள் திறந்திருந்தன. அவற்றுக்கு நடுவே, ஓர் ஆள் நிற்குமளவுக்கு, இடம் விட்டிருந்தார்கள்.